ஓய்வுநாளில் துவைக்கலாகாது

11

சனிக்கிழமை இரவு கோர்வின் ஹூக்செமா தன் மனைவி டார்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். "நாளைக்கு காபி நேரத்துல அம்மாகிட்ட நானே சொல்லிடறேன். நீ வாயே தெறக்க வேணாம்" என்றான்.

சத்தியம் செய்வதில் அவனை மிஞ்ச மிச்சிகன் மாநிலத்திலேயே ஆள் கிடையாது. சொந்தக் கையால் வீடு கட்டித் தருகிறேன் என்று செய்த சத்தியம் மூன்றாவது குளிர்காலமாக நிலவறையோடு நிற்கிறது. அதில் தேங்கிய தண்ணீரில் வாத்துகள் குடியேறிவிட்டன. கோர்வினும் டார்லாவும் குடியேறியிருப்பது அவன் அம்மா வீட்டில்.

சொல்ல வேண்டிய விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை காலை டார்லாவுக்கு ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள். உள்ளே வளர்ந்திருக்கும் கட்டிகளில் பெரியது ஆரஞ்சுப் பழம் அளவு. மாதத்தில் பாதி நாள் ரத்தமாகப் போய், முகம் வெளுத்து, நாலு படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்னும் ஒரு விபரீதப் பசி வேறு. மருத்துவமனைக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: கூட ஒரு ஆள் வந்து அழைத்துப் போக வேண்டும், அதன்பிறகு இரண்டு வாரம் யாராவது வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆள் வராவிட்டால் கத்தி எடுக்க மாட்டார்களாம்.

வீடு மாமியாருடையது. ஆகவே மாமியாருக்குத் தெரிந்தாக வேண்டும்.

மாமியார் பெயர் ஹெர்மினா. மினா என்று கூப்பிடும் உரிமை சபை மூப்பர்களுக்கு உண்டு, கர்த்தருக்கும் இருக்கலாம். மருமகள் "அம்மா" என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறாள். ஒன்பது வருடமாக.

ஞாயிறு காலை கண் விழித்ததும் டார்லா அசையவில்லை. அசையாமல் கிடந்து ஆராய்வது அவள் வழக்கம். இடுப்புக்குக் கீழே வெதுவெதுப்பா, சில்லிப்பா? வெதுவெதுப்பு என்றால் இப்போதுதான் நடந்திருக்கிறது, ஓடினால் தப்பிக்கலாம். சில்லிப்பு என்றால் கதை முடிந்தது.

சில்லிப்பு.

இரவுக்கு அவள் கட்டும் கோட்டை கொத்தளத்தை ஒரு தளபதி பார்த்தால் சல்யூட் அடிப்பான். முன்னால் ஒரு நாப்கின், பின்னால் ஒரு நாப்கின், நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும். இறுக்கமான கறுப்பு உள்ளாடை, அதன்மேல் கறுப்புப் பைஜாமா. கீழே மடித்த கறுப்புத் துண்டு. துண்டுக்குக் கீழே விரிப்பு. விரிப்புக்கு அடியில், கடைசி அரணாக, கைக்குழந்தைக்குப் போடுகிற ரப்பர் ஷீட். நடுவில் எழுந்து மாற்றிக்கொள்ளத் தலையணைக்கு அடியில் அதிரும் கைபேசி. புரளக் கூடாது. கனவுகூட ஒருக்களித்துப் படுத்தபடிதான் காண வேண்டும்.

நேற்றும் கைபேசி அதிர்ந்திருக்கும். எழுந்திருக்க வேண்டியவள்தான் எழுந்திருக்கவில்லை. ரத்தம் வற்றிய உடம்பின் தூக்கம், கிணற்றில் போட்ட கல்.

புருஷன் எழுப்பக் கூடாதா என்றால், அவன் மாதக்கணக்கில் அம்மா வீட்டு நிலவறை சோபாவில் படுக்கிறான். தூக்கம் கலைந்தால் அவனுக்குத் தலைவலி வரும்.

துண்டைத் தூக்கினாள். விரிப்பில் ஒரு தட்டு அகலத்துக்கு இருந்தது. சரி, விரிப்புதானே. விரிப்பைத் தூக்கினாள். கீழே ரப்பர் ஷீட் இல்லை. மெத்தை இருந்தது. மெத்தையிலும் தட்டு இருந்தது.

"எழுந்தாச்சா, கண்ணு?"

வாசலில் மினா. கோயிலுக்குக் கிளம்பிய நீல உடுப்பு, முத்துத் தோடு, கையில் க்ரீம் நிறத்தில் ஒரு கனத்த கட்டில் போர்வை.

"அம்மா, இதுக்கு அடியில ரப்பர் ஷீட் போட்டிருந்தேனே?"

"நான்தான் நேத்து எடுத்தேன். கை பட்டாலே சரசரங்குது, ஆஸ்பத்திரி மாதிரி. இன்னைக்கு வர்றவங்க கோட்டெல்லாம் இந்தக் கட்டில்லதானே போடணும்?"

அது அந்த வீட்டு வழக்கம். காலை ஆராதனை முடிந்ததும் மூப்பர்களும் அவர்கள் சம்சாரங்களும் மினா வீட்டுக்குக் காபிக்கு வருவார்கள். குளிர்காலக் கோட்டுகள் விருந்தாளி அறைக் கட்டிலில் மலையாகக் குவியும். கோட்டு மாட்ட அலமாரி இல்லையா என்றால், இருக்கிறது. அதில் மினாவின் கோட்டுகள் இருக்கின்றன.

"எடுத்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ முன்னறை சோபாவுல தூங்கிட்டிருந்த. எப்பதான் நீ தூங்கல?" மினா எட்டிப் பார்த்தாள். மூக்கு மட்டும் முதலில் பார்த்தது, பிறகுதான் கண். "ஓ. என் மெத்தை."

"இப்பவே பச்சைத் தண்ணியில அலசிட்டா போயிடும்மா. காஞ்சாத்தான் பிடிச்சுக்கும். விரிப்ப மெஷின்ல போட்டுட்டு, மெத்தைய நான் ஒத்தி எடுத்துடறேன்."

"மெஷின்லயா?" மினா வாசலை அடைத்து நின்றாள். "இன்னைக்கு என்ன கிழமை?"

"தெரியும்மா."

"இந்த வீட்டு மெஷின் ஓய்வுநாள்ல ஒரு தடவ ஓடினது கிடையாது. கோர்வினுக்கு வாந்தியும் பேதியும் வந்தப்பகூட ஓடல. எல்லாத்தையும் வாளியில மூடி வெச்சுத் திங்கக்கிழமைதான் துவைச்சேன்."

"கழுதை கிணத்துல விழுந்தா ஓய்வுநாளானாலும் தூக்கிவிடலாம்னு இயேசுவே சொல்லியிருக்காரே."

"கழுதை கத்தும், டார்லா. ஊருக்கே கேக்கும். கறை கத்துமா? மூடி வெச்சா முடிஞ்சுது." மினா குரலைத் தாழ்த்தினாள். "அதோட, துணி காய வெக்கிற மெஷினோட ஆவி போற குழாய் மார்வின் வீட்டு ஜன்னலப் பாத்துத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல குப்புகுப்புன்னு ஆவி வந்தா அந்த மனுஷன் என்ன நெனப்பாரு?"

ஆக, பத்துக் கட்டளைகளில் நான்காவதைக் காத்துவருவது மூப்பர் மார்வின் சைடெமாவின் ஜன்னல்.

டார்லா குளியலறையிலிருந்து ஈரத்துணி கொண்டுவந்து மெத்தையை ஒத்தினாள். உப்புத் தூவி மறுபடி ஒத்தினாள். குனிந்தபோது கண் இருட்டியது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மினா கைகட்டி நின்று பார்த்தாள்.

"எனக்கும்தான் உன் வயசுல வந்துச்சு. நான் என்ன, வீடு பூரா கொட்டிக்கிட்டா திரிஞ்சேன்? எல்லாத்துக்கும் ஒரு கட்டுப்பாடு வேணும், கண்ணு. உங்க பக்கத்துல அதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்க போல."

உங்க பக்கம் என்றால் டெட்ராய்ட் பக்கம். போலந்துக்காரக் கத்தோலிக்கக் குடும்பம். அந்தப் பக்கத்தில் எது குறைந்தாலும் காரணம் போப்பாண்டவர்தான்.

ஈரம் காய்வதற்குள் மினா க்ரீம் போர்வையை உதறி விரித்தாள். மூலைகளை இழுத்துவிட்டாள். ஒரு சுருக்கம் இல்லை. பாவமன்னிப்புப் பெற்றது போல் கட்டில் ஜம்மென்று கிடந்தது.

கோர்வின் டையைக் கட்டிக்கொண்டே மேலே வந்தான். "அட, கட்டில் நல்லாருக்கே" என்றான்.

மினா நகர்ந்ததும் டார்லா அவன் சட்டையைப் பிடித்தாள். "இன்னைக்கு சொல்லுவல்ல?"

"காபி நேரத்துல. கண்டிப்பா."

காலைப் பிரசங்கம் பாடுகளைப் பொறுமையோடு சகிப்பதைப் பற்றி. டார்லா அதைச் சகித்தாள்.

காபிக்கு முதலில் வந்து சேர்ந்தது மூப்பர் மார்வின் சைடெமா. எங்கேயும் அவர்தான் முதலில் வருவார். ஒட்டக ரோமத்தில் நெய்த வெளிர் பழுப்புக் கோட்டை அவரே தோளிலிருந்து இறக்கி, மடிப்புக் கலையாமல், கட்டிலின் நட்ட நடுவில் படுக்க வைத்தார். அதற்கு மேல் அவர் மனைவி டெலோரஸின் கோட்டு. அதற்கு மேல் வந்தவர்கள் போனவர்கள் கோட்டு. முந்தினோர் பிந்தினோராவர் என்று வேதத்தில் இருக்கிறது. கோட்டுக் குவியலில் முந்தினோர் அடியிலும் போவார்கள்.

முன்னறையில் காபி, பன்றி இறைச்சி வைத்த சின்ன பன்கள், பாதாம் பூரணம் வைத்துச் சுருட்டிய ரொட்டி. டார்லா மெத்தை இல்லாத மரநாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்து, கண்ணாடி டம்ளரிலிருந்து ஐஸை ஒவ்வொன்றாகக் கடித்தாள். கடித்தபடி கோர்வினைப் பார்த்தாள். அவன் ஒரு பன் எடுத்தான். மறுபடி பார்த்தாள். இன்னொரு பன். மூன்றாவது முறை முறைத்தாள். அவன் பாதாம் ரொட்டிக்கு மாறினான்.

பேச வாய்ப்பில்லாமல் இல்லை. ஆனால் மார்வின் பேசிக்கொண்டிருந்தார். ஊரில் பாதி வீடுகளுக்கு ஹீட்டர் மாட்டிக் கொடுத்தவர். சூடான காற்று அவருக்குத் தொழில்.

"நான் ரொம்பப் பணிவோட சொல்றேன்" என்று ஆரம்பித்தார். பணிவு என்ற சொல் வந்தால் அரைமணி நேரம் என்று அர்த்தம். "போன மாசம் கடவாய்ப் பல்லு புடுங்கினாங்களே, அந்த வலிய உங்களுக்கு எப்படிச் சொல்றது! டாக்டர் ஊசி போடுறதுக்கு முன்னாடியே கண்ணு கலங்கிடுச்சு. அப்பத்தான் நெனச்சேன், கர்த்தர் என்னை ஏன் தெரிஞ்செடுத்தாருன்னு."

"பாவம், மூணு நாள் கஞ்சிதான்" என்றாள் டெலோரஸ்.

"ரத்தம் வேற வந்துச்சு" என்றார் மார்வின், கண்ணை மூடிக்கொண்டு. "கொஞ்சமில்ல. ஒரு கரண்டி இருக்கும்."

டார்லாவின் வாயில் ஐஸ் படாரென்று உடைந்தது.

"அந்தக் கடிக்கிற பழக்கத்த விடக் கூடாதா, கண்ணு?" என்றாள் மினா, எல்லோருக்கும் கேட்கும்படி, அன்பாக.

கலையும் நேரம் வந்தது. கோட்டுகள் மேலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறின. கடைசியாக மார்வின் உள்ளே போய்த் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு வந்தார். வாசல்படியில் நின்று ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுப் போவது அவர் வழக்கம். ஜெபத்துக்காகத் திரும்பினார்.

"மார்வின்!" என்று டெலோரஸ் வீறிட்டாள். "நீங்க எதுல உக்காந்தீங்க?"

"எங்கயும் உக்காரலையே?"

"பின்னாடி! உங்க பின்னாடி!"

மார்வின் கழுத்தை முறுக்கிப் பார்த்தார். ஒட்டகக் கோட்டின் சரியான ஆசனப் பகுதியில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. முகத்தில் இருந்ததெல்லாம் அங்கே இறங்கிவிட்டது போல, முகம் மாவாக வெளுத்தது.

"வலிக்கவே இல்லையே" என்றார் மெல்லிய குரலில். "டெலோரஸ்... எங்க அப்பாவுக்கும் குடல்லதான் ஆரம்பிச்சுது." கால் மடங்கி சோபாவை நோக்கிச் சரிந்தார்.

"சோபாவுல வேணாம்!" என்று அலறினாள் மினா. "மார்வின், தரையில! தரையில உக்காருங்க!"

முப்பது வருடம் சபையை ஆண்ட மூப்பர், மிதியடி மேல் உட்கார்ந்து டெலோரஸின் கையைப் பிடித்துக்கொண்டு, ஹீட்டர் கடையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார்.

டார்லா கோர்வினைப் பார்த்தாள். இதைவிட நல்ல நேரம் இனி வராது. கோர்வினுக்கும் அது தெரிந்தது. தொண்டையைச் செருமினான்.

"தக்காளி சாஸா இருக்கும்" என்றான்.

"சாஸ் இல்ல" என்று டார்லா எழுந்தாள். "அது என் ரத்தம். அந்தக் கட்டில்ல நான்தான் படுக்கறேன். காலைல துவைக்க விடல. மூடி வெச்சாங்க, ஊறி வந்திருக்கு. எனக்குக் கர்ப்பப்பையில கட்டி. செவ்வாய்க்கிழமை காலைல ஆபரேஷன். எடுக்கப் போறாங்க."



மார்வினுக்கு நிறம் திரும்பியது. எழுந்தார். கோட்டை இரண்டு விரலால் கழற்றித் தூரப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம் முன்பு தன் குடல் என்று நினைத்தபோது கண்ணீர் வரவழைத்த அதே கறை, மருமகளுடையது என்றதும் அசிங்கமாகிவிட்டது.

"கட்டி கட்டியாவா வருது?" என்று டெலோரஸ் ஆவலாகக் கேட்டாள்.

மினாவின் புன்னகை ஒரு நூல்கூட விலகவில்லை. "செவ்வாய்க்கிழமையா? இந்தச் செவ்வாயா? கோர்வினுக்குத் தெரியுமா இது?"

எல்லோரும் கோர்வினைப் பார்த்தார்கள். அவன் வாயில் இருந்ததை விழுங்கினான்.

"டாக்டருங்க ஏதோ சொல்லிட்டிருக்காங்கம்மா. இன்னும் முடிவெல்லாம் பண்ணல."

டார்லா உட்கார்ந்துவிட்டாள்.

"அதானே பாத்தேன்" என்றாள் மினா. "ஹூக்செமா பேரு சொல்ல ஒண்ணு வேணாமா? சாராளுக்கு ஈசாக்கு பொறந்தப்ப தொண்ணூறு வயசு. உனக்கு நாப்பத்தொண்ணு."

"சாராள் மாமியாரோட குடியிருந்ததா வேதத்துல இல்லையேம்மா."

"நான் ரொம்பப் பணிவோட சொல்றேன்" என்றார் மார்வின். "கர்த்தர் வெச்ச உறுப்பு. அத மனுஷன் புடுங்கிப் போடறதுன்னா..."

"உங்க கடவாய்ப் பல்ல யாரு வெச்சாங்க, மார்வின்?"

டெலோரஸுக்குச் சிரிப்பு வந்து இருமலாகப் போயிற்று. மார்வின் ஜெபம்கூடச் செய்யவில்லை. கோட்டில்லாமல் பனியில் இறங்கி நடந்தார்.

கதவு சாத்தியதும் மினா தொலைபேசியை எடுத்தாள். "ஜெபச் சங்கிலியில போட்டுடறேன். நாலு பேரு முழங்கால்ல நின்னா கர்த்தர் அவ மனச மாத்துவாரு."

சங்கிலி என்றால் ஒரு வீடு அடுத்த வீட்டைக் கூப்பிட வேண்டும், அது அடுத்ததை. துவைப்பது வேலை, ஓய்வுநாளில் ஆகாது. வம்பு வேலையில் சேராது. மதியச் சாப்பாட்டுக்குள் சேதி ஊரைச் சுற்றிவிட்டது. கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது டார்லாவுக்குப் புற்றுநோய், மார்வினுக்கு மூலம்.

சமையலறையில் டார்லா கோர்வினை மடக்கினாள்.

"நீ சொல்றதா சத்தியம் பண்ணின."

"சொன்னேனே. முடிவு பண்ணலன்னு சொன்னேன். அது ஒரு ஆரம்பம்தானே?"

"கோர்வின்."

"அம்மா அழுதா என்னால தாங்க முடியாது, டார்லா. உனக்கே தெரியும்."

"நான் ரத்தம் சிந்தினா மட்டும் தாங்குதா?"

அவன் நியாயமாக யோசித்தான். அதுதான் அவனிடம் இருக்கும் பெரிய கொடுமை. எதையும் நியாயமாக யோசிப்பான். "அது வந்து... நீ பழகிட்டல்ல" என்றான்.

டார்லாவுக்கு அழுகை வரவில்லை. உடம்பில் அழுவதற்குக்கூட எதுவும் மிச்சமில்லை போலிருந்தது.

"ரெண்டு மாசம் தள்ளிப்போட்டா என்ன?" அவன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். "அதுக்குள்ள நம்ம வீட்டையே முடிச்சிடுவேன். சத்தியமா."

"செவ்வாய்க்கிழமை வண்டி ஓட்டுவியா, மாட்டியா?"

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

அவள் அவனைத் தாண்டிப் போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னும் ஒரு மாத ரத்தப்போக்கை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னது அவளுக்கு மட்டும்தான் காதில் விழுந்திருந்தது.

மாலை ஆராதனைக்குக் கோயில் நிறைந்துவிட்டது. பனிக்காலத்தில் மாலைக்கு இத்தனை கூட்டம் சேராது. ஜெபச் சங்கிலியின் மகிமை.

ஹூக்செமா குடும்பத்துப் பெஞ்சில் மினா, நடுவில் டார்லா, அந்தப் பக்கம் கோர்வின். பாஸ்டர் கென் சின்னப் பையன். கல்யாணமாகி ஆறு மாதம். விண்ணப்பங்களை வாசித்தார். பனி வாரும் வண்டிக்காரர்களின் பாதுகாப்புக்காக ஜெபித்தார். மூப்பர் சைடெமாவுக்கு ஏற்பட்ட அதிர்ச்சிக்காக ஜெபித்தார். பிறகு காது சிவந்தது.

"நம்முடைய சகோதரி டார்லாவுக்காக. அவங்க ஒரு... பெண்களுக்கே உரிய ஒரு... காரியத்தினால அவதிப்படறாங்க. பொறுமையோட காத்திருக்க அவங்களுக்குக் கிருபை தரும்படியா..."

"பாஸ்டர், ஒரு திருத்தம்."

அந்தக் கோயிலில் பெஞ்சிலிருந்து யாரும் பேசியதில்லை. ஒரு முறை பேசியவர் மாரடைப்பில் விழுந்துகொண்டிருந்தார். டார்லா எழுந்து, முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"கர்ப்பப்பைன்னே சொல்லலாம் பாஸ்டர். பொறுமை எங்கிட்ட நிறையவே இருக்கு, அதுக்கு ஜெபம் வேணாம். செவ்வாய்க்கிழமை காலைல எனக்கு ஆபரேஷன். கூட ஒரு ஆள் இல்லன்னா செய்ய மாட்டாங்க. யாராவது என்னைக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வரணும். யார் வர்றீங்க?"

மதியம் முழுக்க அவளுக்காகத் தொலைபேசியில் உருகிய வாய்கள் மூடிக்கொண்டன. பாட்டுப் புத்தகத்தில் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் அவசரமாகப் பக்கம் தேட வேண்டியிருந்தது. டெலோரஸின் கை பாதி உயர்ந்தது. மார்வின் அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கோர்வின் தன் காலணியைப் பார்த்தான். நல்ல காலணி. அம்மா வாங்கிக் கொடுத்தது.

அப்போது மினா எழுந்தாள்.

"என் மருமகள நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். குரல் லேசாக நடுங்கியது. எந்த இடத்தில் நடுங்க வேண்டுமோ அந்த இடத்தில்.

கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு. கைக்குட்டைகள் வெளியே வந்தன. பாஸ்டரின் காது பழைய நிறத்துக்குத் திரும்பியது. இனி வேறு யாரும் கை தூக்க வேண்டியதில்லை. எல்லோரும் புண்ணியவான்கள் ஆகிவிட்டார்கள்.

இருவரும் உட்கார்ந்தார்கள். மினா மருமகளின் காதருகே குனிந்தாள். பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு முத்தம் கொடுப்பது போலிருந்தது.

"செவ்வாய்க்கிழமை பனி கொட்டப் போகுதாம், கண்ணு. பனியில வண்டி ஓட்ட எனக்குக் கண்ணு தெரியாது. கடைசி நேரத்துல என்ன பண்றது, சொல்லு? எல்லாம் கர்த்தர் சித்தம்."

டார்லா மறுபடியும் எழுந்தாள்.

"பாஸ்டர், மன்னிச்சுக்குங்க. ஒரு சாட்சி சொல்லணும். அம்மா இப்பத்தான் என் காதுல சொன்னாங்க. பனி கொட்டினாலும் விட மாட்டாங்களாம். திங்கக்கிழமையே கிளம்பி, ஆஸ்பத்திரி பக்கத்துல ரூம் எடுத்து என்கூடவே தங்கறாங்களாம். திரும்பி வந்ததும் ரெண்டு வாரம் எனக்கு எல்லாம் அவங்க கையாலதானாம். விரிப்புகூட நான் தொடக் கூடாதாம், அவங்களே துவைப்பாங்களாம். இப்படி ஒரு மாமியார் யாருக்கு அமையும்?"

"ஆமென்!" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தினார். யாரோ கை தட்டினார்கள். அந்தக் கோயிலில் கை தட்டுவது மகா பாவம். நாலைந்து பேர் சேர்ந்து பாவம் செய்தார்கள்.

மினா எல்லாப் பக்கமும் திரும்பித் தலையசைத்தாள். உட்கார்ந்த டார்லாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். நகங்கள் இறங்கின. கோயிலே பார்த்து நெகிழ்ந்த காட்சி அது.

"கெட்டிக்காரிதான்டி" என்றாள், உதடு அசையாமல். "சரி. கூட்டிட்டுப் போறேன். கத்தி என் கையில இல்லையே. யாரு உன் டாக்டரு?"

டார்லா வாயை இறுக்கிக்கொண்டாள். இத்தனை நாள் அந்தப் பெயரை வீட்டில் அவள் உச்சரித்ததே இல்லை. அந்த வட்டாரத்தில் ஒரு பெயர் கிடைத்தால் போதும். மூன்றாவது கேள்வியில் தாய்வழி, நாலாவது கேள்வியில் கொழுந்தியாள் வழி என்று சொந்தத்தைத் தோண்டி எடுத்து, ஆளையே வளைத்துவிடுவார்கள்.

"சொல்லேன். நானும் கூட வர்றவதானே?"

"எனக்கு ஞாபகமில்ல."

கோர்வினுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அம்மாவும் மனைவியும் கைகோத்து உட்கார்ந்திருக்கிறார்கள், சண்டை தீர்ந்தது, அவன் ஒரு வார்த்தை பேசாமலே தீர்ந்தது. இந்தச் சமாதானத்துக்குத் தன் பங்காகவும் ஏதாவது செய்ய வேண்டாமா? கன்னத்தில் பெப்பர்மிண்டை ஒதுக்கிக்கொண்டு, மனைவியைத் தாண்டிக் குனிந்தான்.

"டிம் பிரௌவர், அம்மா" என்றான். "டாக்டர் டிம் பிரௌவர். தங்கமான மனுஷன்."

நகங்கள் விலகின.

"டிம்மியா?" என்றாள் மினா. அன்று முழுவதும் அவள் முகத்தில் இருந்தது புன்னகையே அல்ல என்று இப்போதுதான் டார்லாவுக்குத் தெரிந்தது; புன்னகை என்றால் இது. "நம்ம சபை கிரேஸோட பையனா? அவனுக்கு முதல் வேதவசனம் மனப்பாடம் பண்ணிக் கொடுத்ததே நான்தான்."

ஆர்கன் முழங்கியது. சபை எழுந்து நின்றது. மினா பாட்டுப் புத்தகத்தை விரித்து, மருமகளும் பார்த்துப் பாட வசதியாக, இருவருக்கும் நடுவில் பிடித்தாள்.

"நாளைக்குக் காலைல அவனக் காபிக்குக் கூப்பிட்டுடறேன்" என்றாள்.